வெனிசுவேலா: நோட்டுக்குப் பஞ்சம், பணத்துக்குப் பஞ்சமில்லை

கேள்வி இதுதான்: உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள வெனிசுவேலாவில் பணம் எப்படிக் குப்பையானது? சோசலிசமா, அமெரிக்கத் தடையா, அரசு கண்மண் தெரியாமல் நோட்டு அடித்ததா? பிறகு எப்படி நின்றது?

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தப்பாகக் கற்பனை செய்துகொள்வது அதைத்தான். நோட்டு அடித்தார்கள் என்றதும் இரவு பகலாக ஓடும் அச்சு இயந்திரம் நினைவுக்கு வரும். வெனிசுவேலாவில் விலை பறந்த 2016 முதல் 2018 வரையிலான காலத்தில் மக்கள் கையில் நோட்டே இல்லை. 2016 டிசம்பர் வரை அங்கே இருந்ததில் பெரிய நோட்டு 100 பொலிவார். கறுப்புச் சந்தையில் அதன் மதிப்பு இரண்டு மூன்று அமெரிக்க சென்ட். புதிய நோட்டு வந்து சேர்வதற்குள் விலை அதைத் தாண்டிவிடும்.

2018 ஆகஸ்ட் நடுவில் தலைநகர் கராகஸில் 2.4 கிலோ கோழி ஒன்றின் விலை 1 கோடியே 46 லட்சம் பொலிவார். டாலரில் 2.22. இதை 1,000 பொலிவார் நோட்டாகக் கொடுத்தால் 14,600 நோட்டு, அதாவது நூறு நூறாகக் கட்டிய 146 கட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்தால், கோழியைவிட அதற்குக் கொடுக்கும் பணம் ஆறு மடங்கு கனம். அதனால் எல்லாரும் கார்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் போனார்கள். அங்கேயும் சிக்கல்: கார்டு தேய்க்கும் கருவியில் அத்தனை இலக்கங்களை ஒரே தடவையில் அடிக்க முடியாமல் ஒரே பில்லைப் பல தடவை தேய்த்தார்கள். பஸ்ஸில் கார்டு ஏறாது, ரொக்கம்தான். ஆகவே ரொக்கமே விற்பனைச் சரக்கானது. 100 ரொக்கம் வேண்டுமா, 200 அல்லது அதற்கும் மேலே வங்கிக் கணக்கில் போடு என்றார்கள். ஒரே பொலிவாருக்கு இரண்டு விலை.

நோட்டு இல்லை என்றால் பணம் எங்கிருந்து பெருகியது? மத்திய வங்கியின் கணக்கேட்டில். அது எப்படி நடந்தது என்று புரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

அந்தக் காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெய். அதை விற்பது அரசு நிறுவனமான பிடிவிஎஸ்ஏ. விற்று வரும் டாலரை அது மத்திய வங்கியிடம் கொடுத்து, அரசு நிர்ணயித்த விகிதத்தில் பொலிவார் வாங்கிக்கொள்ளும். 2002 டிசம்பரில் தொடங்கி 2003 பிப்ரவரி வரை நீடித்த எண்ணெய் வேலைநிறுத்தத்தின்போது டாலர் வெளியேறாமல் தடுக்க அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை அதிபர் ஊகோ சாவேஸின் அரசு கொண்டுவந்தது. தற்காலிக நடவடிக்கை என்றுதான் வந்தது, பதினைந்து ஆண்டு இருந்தது. 2013 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 6.30 பொலிவார் என்று விகிதம் வைத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். பீப்பாய் 100 டாலருக்கு விற்றால் நிறுவனத்துக்கு 630 பொலிவார். 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 40 டாலர் என்று வைத்தாலும் 252 பொலிவார்தான். ஆனால் நிறுவனம் கொடுக்க வேண்டிய சம்பளம், ஒப்பந்தக்காரர் பில், அரசின் நலத்திட்டங்களுக்கான பங்கு எல்லாம் பொலிவாரில், ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. உள்நாட்டில் பெட்ரோல் விற்று ஈடுகட்டலாமா என்றால், 2016 பிப்ரவரி வரை 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 0.097 பொலிவார். நாற்பது லிட்டர் டேங்க் நிறைய நான்கு பொலிவார் ஆகாது. 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலையும் பஸ் கட்டணமும் ஏறியபோது கராகஸில் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதன் பிறகு எந்த அரசுக்கும் அந்த விலையைத் தொடப் பயம்.

பள்ளத்தை அடைத்தது மத்திய வங்கி. அரசு நிறுவனங்களுக்கு அது நேரடியாகப் பணம் தர 2009-10-ல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். பிடிவிஎஸ்ஏ ஒரு கடன்சீட்டு எழுதிக் கொடுக்கும், மத்திய வங்கி அதை வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்கும். ஒரு தாள்கூட அச்சாகவில்லை. ஆனால் அந்த வரவு அடுத்த வாரமே சம்பளமாகவும் பில்லாகவும் சந்தைக்கு வந்துவிடும், எதிரே சரக்கு இல்லாமல்.

நாணய மதிப்பைக் குறைத்து விகிதத்தை 60 ஆக்கியிருந்தால் அதே 40 டாலருக்கு 2,400 பொலிவார் வந்திருக்கும், கடன்சீட்டே தேவைப்பட்டிருக்காது. ஏன் செய்யவில்லை? விலை ஏறும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, 6.30-க்கு டாலர் கிடைத்தவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். 2013 முடிவில் கறுப்புச் சந்தையில் டாலர் 60-ஐத் தாண்டியிருந்தது. 2015 முடிவில் 800-க்கு மேல், 2017 முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேல். அரசிடம் 6.30-க்கு டாலர் வாங்கி வெளியே விற்பதைவிட லாபமான தொழில் அந்த நாட்டில் வேறெதுவும் இல்லை. இறக்குமதி என்று சொல்லிப் பில்லை ஊதிப் பெரிதாக்கினார்கள், காலிக் கன்டெய்னர் இறக்கினார்கள். சாதாரண ஆட்களும் சும்மா இருக்கவில்லை. வெளிநாடு போகிறவருக்குக் கார்டில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரை அரசு விகிதத்தில் ஒதுக்கீடு உண்டு. அதைத் தேய்த்துக் காசாக்கித் திரும்பவே பறந்தார்கள். விமானம் நிறைந்து வழிந்தது, ஆனால் பொலிவாரில் வசூலித்த டிக்கெட் பணத்தை விமான நிறுவனங்களால் டாலராக்கி வெளியே எடுக்க முடியவில்லை. சிக்கிய தொகை 370 கோடி டாலருக்கும் மேல். ஏர் கனடா 2014-ல் நிறுத்தியது, லுஃப்தான்சா 2016-ல்.

அடுத்து விலைக் கட்டுப்பாடு. அலமாரி காலியானதற்கு நேரடிக் காரணம் இதுதான், அதையும் கணக்கோடு பார்ப்போம். 2014 ஜனவரியில் வந்த நியாய விலைச் சட்டம் அடக்கச் செலவின் மேல் 30 விழுக்காடுதான் அதிகபட்ச லாபம் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கடைக்காரர் 100 பொலிவாருக்குச் சரக்கெடுத்து 130-க்கு ஒரு மாதத்தில் விற்கிறார். அந்த மாதப் பணவீக்கம் 50 விழுக்காடு. அதே சரக்கைத் திரும்ப எடுக்க 150 வேண்டும், கையில் இருப்பது 130. அவர் முழு லாபம் வைத்து விற்றும் முதலில் 20 குறைகிறது. ஐந்து சுற்று இப்படிச் சுற்றினால் கடையில் சரக்கு பாதிகூட மிஞ்சாது. கடையை மூடுவார், பதுக்குவார், அல்லது பின்வாசல் வழியாக விற்பார். பணவீக்கம் தலைதெறிக்க ஓடும் ஊரில் வியாபாரிகள் வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை. அடுத்த லோடு என்ன விலை ஆகும் என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். சட்டம் அதைப் பதுக்கல், கொள்ளை லாபம் என்று பெயரிட்டு ஆளைப் பிடித்தது.

ஆலைகளும் தப்பிக்க வழி தேடின. வெறும் அரிசிக்குத்தான் கட்டுப்பாடு என்பதால் மசாலாச் சுவை சேர்த்த அரிசியைத் தயாரித்தார்கள். 2009-ல் சாவேஸ் ராணுவத்தை அரிசி ஆலைகளுக்கு அனுப்பினார், அமெரிக்க நிறுவனமான கார்கிலின் ஆலை ஒன்று பறிமுதல் ஆனது. 2010-ல் விதையும் உரமும் விற்று விவசாயிக்குக் கடனும் கொடுத்துவந்த அக்ரோஇஸ்லெஞ்யா நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. பறிமுதல்களிலேயே அதிகம் அடித்தது இதுதான் என்பது என் கணிப்பு. ஆலை போனால் அரிசியை வெளியே வாங்கலாம், டாலர் இருக்கும்வரை. விதைக் கடையும் விவசாயக் கடனும் போனால் அடுத்த போகமே போய்விடும். டாலர் இருந்தவரை இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை, இறக்குமதி மூடிமறைத்தது.

டாலர் குறைந்ததும் தெரிந்தது. வெளிநாட்டுக் கடன்பத்திரக்காரர்களுக்குத் தவறாமல் கட்டிவிட்டு, இறக்குமதியை வெட்டினார், சாவேஸுக்குப் பிறகு அதிபரான மதுரோ. 2012-க்கும் 2017-க்கும் இடையே இறக்குமதி முக்கால் பங்குக்கும் மேல் சுருங்கியது. 2014 ஜனவரியிலேயே மத்திய வங்கியின் பற்றாக்குறைக் குறியீடு 28, அதாவது தேடும் நூறு பொருளில் 28 கடையில் இல்லை. அதோடு அந்தக் குறியீட்டை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து இன்ன நாளில்தான் கடைக்கு வரலாம் என்று முறை வைத்தார்கள், கைரேகைக் கருவி வைத்தார்கள். 2016 ஏப்ரலில் போலார் நிறுவனம் பார்லி மால்ட் இறக்க டாலர் இல்லாமல் பீர் தயாரிப்பை நிறுத்தியது. மே மாதம் சர்க்கரை இல்லாமல் கோகோ கோலா நின்றது.

சரக்குக் குறைவும் கணக்கேட்டுப் பணமும் சந்திக்கும் இடத்தில் பணவீக்கம் மிகைப் பணவீக்கமாக மாறுகிறது. மாதத்துக்கு 50 விழுக்காடு என்பதுதான் பொருளியலாளர் ஃபிலிப் கேகன் 1956-ல் வைத்த எல்லைக்கோடு. மாதம் 50 என்றால் ஆண்டுக்கு 600 இல்லை, வட்டிமேல் வட்டியாக ஏறி 12,875 விழுக்காடு. இலங்கையில் 2022 செப்டம்பரில் விலை 70 விழுக்காடு ஏறியதைப் பலர் மிகைப் பணவீக்கம் என்று எழுதினார்கள். அது ஆண்டுக் கணக்கு. துயரம் உண்மை, வகை வேறு. வெனிசுவேலா 2017 கடைசியில் அந்தக் கோட்டைத் தாண்டியது. எதிர்க்கட்சி கையில் இருந்த நாடாளுமன்றமான தேசிய சபையின் கணக்குப்படி உச்சம் 2018 செப்டம்பர், அந்த ஒரு மாதத்தில் மட்டும் 233 விழுக்காடு. நாளுக்கு நான்கு விழுக்காடு, பதினேழு பதினெட்டு நாளில் விலை இரட்டிப்பு.

இந்த வேகத்தில் இரண்டு விஷயம் தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. ஒன்று, சம்பளம் வந்த அன்றே எல்லாரும் எதையாவது வாங்கிவிடுகிறார்கள். ஒரே பொலிவார் மாதத்தில் பத்துக் கை மாறுகிறது, புதுப் பணம் வராவிட்டாலும் விலை ஏறுகிறது. இன்னொன்று வரி. இந்த மாத விற்பனைக்கான வரி இரண்டு மாதம் கழித்துக் கருவூலத்துக்கு வந்தால், மாதம் 50 விழுக்காடு பணவீக்கத்தில் அதன் மதிப்பு 44 விழுக்காடாகக் கரைந்திருக்கும். அரசின் பற்றாக்குறை பெருகுகிறது, மத்திய வங்கியிடம் இன்னும் அதிகமாகக் கேட்கிறது. புள்ளிவிவரத்தில்கூட ஒத்துப்போகவில்லை: 2018 முழு ஆண்டுக்கு மத்திய வங்கி சொன்னது 1,30,060 விழுக்காடு, தேசிய சபை சொன்னது ஏறக்குறைய 17 லட்சம்.

அரசு செய்த வைத்தியங்களில் பாதி நோயைக் கூட்டியது. 2016 டிசம்பரில், இந்தியாவில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாததாகி ஒரு மாதம் ஓடியிருந்த வேளையில், மதுரோ 100 பொலிவார் நோட்டு 72 மணி நேரத்தில் செல்லாது என்றார். மாற்று நோட்டு வந்து சேரவில்லை. சியுதாத் பொலிவார் என்ற நகரில் கடைகள் சூறையாடப்பட்டன, கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2018 ஆகஸ்ட் 20-ல் ஐந்து சுழியை வெட்டிப் புதுப் பொலிவார் விட்டார்கள், டாலருக்கு 60 என்று விகிதம் வைத்தார்கள், அதே மூச்சில் குறைந்தபட்ச ஊதியத்தை 60 மடங்கு ஏற்றினார்கள். சிறு நிறுவனங்களுக்குக் கூடுதல் சம்பளத்தை மூன்று மாதத்துக்கு அரசே தரும் என்றார்கள். அந்தப் பணம் எங்கிருந்து? அதே கணக்கேடு. ஆண்டு முடிவதற்குள் அரசு விகிதமே பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. பெட்ரோ என்ற மின்நாணயத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. எண்ணெய்தான் அதற்கு ஈடு என்றார்கள், யாராலும் அதைக் கொடுத்து எண்ணெய் வாங்க முடியவில்லை, 2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

2008-ல் மூன்று, 2018-ல் ஐந்து, 2021 அக்டோபரில் ஆறு என்று மொத்தம் பதினான்கு சுழி போயிருக்கிறது. சுழி வெட்டுவது கணக்கு எழுதுகிறவருக்கும் கார்டு கருவிக்கும் உதவும். பணவீக்கத்தை அது தொடுவதே இல்லை.

நிறுத்தியது வேறு. 2018 ஆகஸ்டிலிருந்து 2019-க்குள், பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல், நான்கு காரியம் நடந்தது. அந்நியச் செலாவணிக் குற்றச் சட்டத்தை 2018 ஆகஸ்டில் நீக்கினார்கள், 2019 மே முதல் வங்கிகள் சந்தை விலையில் டாலர் வாங்கி விற்கலாம் என்றார்கள். பிடிவிஎஸ்ஏ-வின் டாலருக்கு இப்போது முழு விலை கிடைத்தது, கடன்சீட்டின் தேவை சுருங்கியது. விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏட்டில் இருந்தது, கடைக்கு ஆய்வாளர் வருவது நின்றது. மூன்றாவதாக அரசு தன் செலவை, குறிப்பாகச் சம்பளத்தின் உண்மை மதிப்பை, நசுக்கியது. 2021 தொடக்கத்தில் மாதக் குறைந்தபட்ச ஊதியம் ஒரு டாலர்கூடத் தேறவில்லை. நான்காவது, வங்கிகளின் கழுத்தைப் பிடித்தார்கள். புதிதாக வரும் வைப்பில் நூற்றுக்கு நூறையும் மத்திய வங்கியில் முடக்க வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது. 100 பொலிவார் வைப்பு வந்தால் வங்கி அதில் ஒரு பொலிவார்கூடக் கடன் தர முடியாது. கடனால் பெருகும் பணம் அங்கேயே நின்றது. வியாபாரக் கடன், வீட்டுக் கடன், கார்டு வரம்பு எல்லாம் ஏறக்குறைய ஒழிந்தன. ஒரு பொருளாதார இயல் பாடநூல் சொல்லும் கடும் சிக்கன வைத்தியம் இது. செய்தது சோசலிச அரசு, பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) பக்கத்திலேயே இல்லை.

டாலரை மக்கள் கையில் கொண்டு வந்து சேர்த்தது இருட்டு. 2019 மார்ச் 7-ல் நாடு முழுவதும் மின்சாரம் போய்ப் பல நாள் வரவில்லை. கார்டு கருவி செத்தது, பொலிவார் ரொக்கம் இல்லை, டாலர் நோட்டு வைத்திருந்தவர் மட்டும் தண்ணீரும் ரொட்டியும் வாங்கினார். அதற்குப் பிறகு கடைகள் டாலரில் விலை எழுதின. அந்த நவம்பரில் மதுரோவே டாலர் புழக்கத்தை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு என்று ஏற்றுக்கொண்டார். நடைமுறையில் அதிலும் தொல்லை இருந்தது: ஒரு டாலர் நோட்டுக்கும் சில்லறைக்கும் தட்டுப்பாடு, கிழிந்த நோட்டை, பேனாக் கோடு விழுந்த நோட்டை வாங்க மாட்டார்கள். 20 டாலர் கொடுத்தால் மீதியைப் பொலிவாரில் கைபேசி வழியாக அனுப்புவார்கள். தங்கச் சுரங்கப் பகுதியான துமெரெமோவில் டாலருக்கும் போகவில்லை. தங்கத் துகளைத் தாளில் மடித்து வைத்து, கிராமில் எட்டில் ஒரு பங்குக்கு முடிவெட்டிக்கொண்டார்கள்.

இப்போது தடைக்கு வருவோம். நிதித் தடை 2017 ஆகஸ்ட், எண்ணெய்த் தடை 2019 ஜனவரி. அலமாரி காலியானதும் இறக்குமதி சரிந்ததும் அதற்கு முன்பே. 1990-களின் கடைசியில் நாளுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் இருந்த உற்பத்தி 2017-ல் 20 லட்சத்துக்கு வந்திருந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய 18,000 பேரை, அதில் ஏராளமான பொறியாளரையும் நிபுணரையும், நீக்கியதன் பலன் மெதுவாக வந்தது. ஆனால் தடை ஒன்றும் செய்யவில்லை என்பவர்களும் பொய் சொல்கிறார்கள். 2017 தடை பழைய கடனை மாற்றியமைக்கும் வழியை அடைத்தது. 2019 தடைக்குப் பின் ஒரினோகோ ஆற்றுப் பகுதியின் கெட்டியான எண்ணெயைக் கரைக்கும் நாப்தாகூட அமெரிக்காவிலிருந்து வரவில்லை. 2020 நடுவில் உற்பத்தி ஏறக்குறைய 4 லட்சம் பீப்பாய். நோயைத் தொடங்கியது தடை இல்லை, குணமாகும் வழியைக் குறுக்கியது தடை.

சோசலிசம் என்ற பதிலும் பாதிதான். அதே கண்டத்தில் பொலிவியாவில் ஈவோ மொராலஸ் 2006 முதல் 2019 வரை ஆண்டார், எரிவாயுவை அரசுடைமை ஆக்கினார், பணவீக்கம் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். எக்வடோரில் அதிபராக இருந்த கொரெயாவும் அதே முகாம்தான். ஆனால் அந்த நாடு 2000-லேயே டாலருக்கு மாறிவிட்டதால் அவர் விரும்பினாலும் பணம் பெருக்க வழியில்லை. சாவேஸ், மொராலஸ், கொரெயா மூவரும் ஒரே மேடையில் பேசியவர்கள். வித்தியாசம், மத்திய வங்கியின் பேனாவை யார் பிடித்திருந்தார் என்பதில். அந்தப் பேனாவைத் தடுக்கக்கூடிய நீதிமன்றம், நாடாளுமன்றம், சுதந்திரமான வங்கி நிர்வாகம் என்று எதையும் விட்டுவைக்காத ஆட்சிமுறைதான் காரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

மத்திய வங்கியின் புள்ளிவிவரப்படி 2021-ல் எல்லா மாதமும் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்ததால் மிகைப் பணவீக்கம் முடிந்தது என்று கணக்கு வைத்தார்கள். விலை நின்றுவிடவில்லை, 2022-லும் ஆண்டுக்கு 234 விழுக்காடு. அந்த ஆண்டு மார்ச்சில் டாலரில் செலுத்தினால் 3 விழுக்காடு வரி வைத்தார்கள், மக்களைப் பொலிவாருக்குத் திருப்ப. அதே மாதம் குறைந்தபட்ச ஊதியம் 130 பொலிவார் ஆனது, அன்றைக்கு ஏறக்குறைய 30 டாலர். ஒரு ஆண்டுக்குள் அது ஐந்தாறு டாலராகிவிட்டது. 2023 மே மாதம் சம்பளத்தை ஏற்றாமல், டாலரோடு கட்டிய உணவுப்படியும் போனஸும் 40, 30 என்று தந்தார்கள். காரணம் எளிது: ஓய்வுக்காலத் தொகை, விடுமுறைச் சம்பளம், பணிக்கொடை எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், போனஸ் அந்தக் கணக்கில் வராது.